டியூப் ஹெட்போன் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் இரண்டு ரெசிஸ்டர் வாங்குங்கள்!

"முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர்களில் பயன்படுத்தப்பட்டது எது?" பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு வேக்குவம் டியூப் என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருப்போம். 1946-இல் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 18,000 டியூப்கள் இருந்தன. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய நம் நாட்டு டிஃப்ராக் கம்ப்யூட்டரில் சுமார் 2,700 டியூப்கள். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு இவற்றின் கதை மெல்ல முடிந்தது. கம்ப்யூட்டரிலிருந்து முதலில் போயின, ரேடியோவிலிருந்து பிறகு போயின.

ஆனால் இன்று ஆன்லைன் கடைகளில் "ஹெட்போன் ஆம்ப்" என்று தேடிப் பாருங்கள். உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. அதன் தலையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்கள். உள்ளே ஆரஞ்சு வெளிச்சம். "உங்கள் லேப்டாப் இசைக்கு இதமான டியூப் சவுண்டு" என்று விளம்பரம். விலை மூவாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டுகிறது. படத்தைப் பார்த்தாலே வாங்கத் தோன்றும். இதில் எதை வாங்கலாம், யார் வாங்கலாம், யார் வாங்கவே கூடாது என்பதைப் பார்ப்போமா?

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். டியூப் என்பது அமெரிக்கர்கள் சொல்வது. நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் வால்வு என்பார்கள், வால்வு ரேடியோ என்ற பெயரும் அப்படி வந்ததுதான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் இந்த வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் பி.இ.எல். என்று அச்சிட்ட சின்ன அட்டைப்பெட்டிகளை இன்றும் எப்போதாவது பார்க்கலாம். (எங்கள் ஊரில் "குழாய்" என்று சொன்னால் மார்கழி மாதக் கோயில் ஒலிபெருக்கி என்றுதான் நினைப்பார்கள்! ஆகவே இந்தக் கட்டுரையில் டியூப் என்றே வைத்துக்கொள்வோம்.)

ஆம்ப் உங்களுக்குத் தேவைதானா?

உங்கள் ஹெட்போன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பிடன்ஸ், ஓம் என்ற அலகில். மற்றொன்று சென்சிடிவிட்டி, டெசிபலில். டியூப் ஆம்ப் வாங்குவதில் பாதி முடிவை இந்த இரண்டு எண்களே எடுத்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். சென்ஹைசர் எச்டி 600 என்ற பிரபலமான ஹெட்போன் 300 ஓம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் சுமார் 97 டெசிபல் சத்தம் தரும். கிளாசிக்கல் கச்சேரி போன்ற ஒரு பதிவில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வரும்போது ஒரு கணத்துக்கு 110 டெசிபல் உச்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 டெசிபல் கூடுதல் என்றால் 20 மடங்கு சக்தி, அதாவது 20 மில்லிவாட். அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் 300 ஓமில் 20 மில்லிவாட் செலுத்த சுமார் 2.4 வோல்ட் வேண்டும். மொபைல், சாதாரண லேப்டாப் இவற்றின் ஹெட்போன் ஜாக்குகளில் பல 1 வோல்டோடு நின்றுவிடும். எனவே இந்த ஹெட்போனுக்கு ஆம்ப் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அதே நேரத்தில், நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது 16 ஓம், 32 ஓம் ரகம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். இதே 110 டெசிபலுக்கு இதற்கு முக்கால் வோல்ட் கூட வேண்டாம். லேப்டாப்பே போதும். லேப்டாப் ஜாக்கில் "உஸ்ஸ்" என்ற இரைச்சல் வருகிறது, சார்ஜரைச் செருகினால் "கிர்ர்" என்கிறது என்பதுதான் உங்கள் பிரச்னை என்றால், அதற்கு மருந்து டியூப் ஆம்ப் அல்ல. யுஎஸ்பியில் செருகும் சின்ன டாக். டிஜிட்டலை அனலாகாக மாற்றும் வேலையை லேப்டாப்புக்கு வெளியே எடுத்துச் செல்லும் கருவி அது. ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிந்துவிடும். டியூப் ஆம்ப் அந்த இரைச்சலைக் குறைக்காது, நன்றாகப் பெரிதாக்கிக் காட்டும்!

மூன்று சாதிகள்

டியூப் ஹெட்போன் ஆம்ப்களில் மூன்று வகை உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குபவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

முதல் வகை ஓடிஎல். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது என்று பொருள். டியூப்பே நேரடியாக, ஒரு பெரிய கெப்பாசிட்டர் வழியாக ஹெட்போனை ஓட்டும். உள்ளே 100 முதல் 300 வோல்ட் வரை டிசி ஓடும். லிட்டில் டாட் மார்க் 2, மார்க் 3, டார்க்வாய்ஸ் 336எஸ்இ, நாமே சால்டர் செய்து கட்டும் பாட்டில்ஹெட் க்ராக் கிட் எல்லாம் இந்த ரகம். பார்க்க அழகு, எடை அதிகம், நன்றாகச் சூடாகும். இவற்றின் அவுட்புட் இம்பிடன்ஸ் பல பத்து ஓம்களில் தொடங்கி நூறைத் தாண்டும். க்ராக் சுமார் 120 ஓம்.

இரண்டாவது ஹைப்ரிட். இதில் டியூப் சிக்னலைப் பெரிதாக்குவதோடு சரி. ஹெட்போனை ஓட்டும் கடைசி வேலையை மாஸ்ஃபெட் அல்லது ஐசி செய்யும். அவுட்புட் இம்பிடன்ஸ் குறைவு, 32 ஓம் ஹெட்போனும் ஓடும். பிராவோ ஆடியோ வி2, எக்ஸ்டூ எம்டி-602, லிட்டில் டாட் 1 ப்ளஸ், அமெரிக்காவின் ஷிட் நிறுவனத்தின் வாலி வரிசை (பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அவர்கள் தெரிந்தேதான் வைத்தார்கள்) எல்லாம் ஹைப்ரிட். விலை குறைவு என்று நீங்கள் பார்ப்பதில் பத்தில் ஒன்பது இந்த ரகம்தான்.

மூன்றாவது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் விலை அதிகம். மலிவான டிரான்ஸ்ஃபார்மர் பேஸைக் கெடுக்கும். நம் பட்ஜெட்டுக்கு இது வேண்டாம், விட்டுவிடலாம்.

அந்த அவுட்புட் இம்பிடன்ஸ் ஏன் முக்கியம்?

ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸும் ஹெட்போனின் இம்பிடன்ஸும் ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் போல. வோல்டேஜை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். 120 ஓம் ஆம்ப்பில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் ஹெட்போனுக்குப் போய்ச் சேருவது 152-இல் 32 பங்கு, அதாவது 21 சதவீதம். மிச்சம் ஆம்ப்பிலேயே சூடாகிப் போகிறது.

சத்தம் குறைந்தால் வால்யூமைத் திருப்பிக்கொள்ளலாமே என்கிறீர்களா? அதோடு முடிவதில்லை. ஹெட்போன் பெட்டியில் 32 ஓம் என்று போட்டிருந்தாலும் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் அது 32 அல்ல. சாதாரண டைனமிக் ஹெட்போன்களில் பேஸ் பகுதியில் ஒரு இடத்தில் மேடு ஏறி இறங்கும். அந்த மேட்டில் 60 ஓம் ஆகிறது என்று வையுங்கள். அங்கே பங்கு 180-இல் 60. கணக்குப் போட்டால் பேஸ் மட்டும் மற்றதைவிட சுமார் 4 டெசிபல் தூக்கலாக வரும். தவில் "தொம் தொம்" என்று குமுறும், பாடுபவர் பின்னால் போய்விடுவார்.

எச்டி 600-இலும் இதே மேடு உண்டு. 100 ஹெர்ட்ஸ் அருகில் 500 ஓமைத் தாண்டும். ஆனால் அதன் அடித்தளமே 300 ஓம் என்பதால் 120 ஓம் ஆம்ப்பில் பேஸ் சுமார் 1 டெசிபல்தான் உயரும். காதுக்கு அது "இதமாக இருக்கிறதே" என்று தோன்றும். டியூப் சவுண்டின் இதம் என்று பலர் எழுதுவதில் ஒரு பெரிய பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. டியூப்புக்குள் நடக்கும் மாயம் எதுவும் இல்லை, பள்ளியில் படித்த ஓம் விதி.

2011-இல் தன் உண்மைப் பெயரை வெளியிடாத ஒரு இன்ஜினீயர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப் சர்க்யூட்டை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், ஹெட்போன் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி பரவலானதற்கு அவர் எழுதியவை ஒரு முக்கிய காரணம். அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த விதியைக் கறாராகப் பிடித்தால் 120 ஓம் ஆம்ப்புக்கு 960 ஓம் ஹெட்போன் வேண்டும்! அவ்வளவு கறார் தேவையில்லை. 300 ஓம், 250 ஓம் ஹெட்போன்களோடு ஓடிஎல் நன்றாகவே சேரும். 32 ஓமோடு சேராது.

இதில் ஒரு விலக்கு உண்டு. ப்ளேனார் மேக்னெடிக் என்ற வகை ஹெட்போன்களின் இம்பிடன்ஸ் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் ஒரே சமமாக இருக்கும். அவற்றில் இந்த பேஸ் மேடு வராது. சக்தி மட்டும் வீணாகும். இயர்போனுக்குள் மூன்று நான்கு டிரைவர் வைத்த ரகங்களோ இதற்கு நேர் எதிர். ஆம்ப்புக்கு ஆம்ப் குணமே மாறிவிடும்.

வாங்காமலே கேட்டுப் பார்க்கலாம்

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஓடிஎல் ஆம்ப் உங்கள் ஹெட்போனுக்கு என்ன செய்யும் என்பதை ஆம்ப் இல்லாமலே தெரிந்துகொள்ள முடியும்.

3.5 எம்எம் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று, 120 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கவும். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை, எந்த ஊர் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையிலும் ரெசிஸ்டர் கிடைக்கும். கேபிளை நடுவில் வெட்டவும். உள்ளே இடது, வலது, பொது என மூன்று ஒயர்கள் இருக்கும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்யவும். இடது ஒயரில் ஒரு ரெசிஸ்டர், வலது ஒயரில் ஒரு ரெசிஸ்டர் வரிசையாகச் சேர்த்து, பொது ஒயரை நேராக இணைத்துவிடவும். ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றவும். அவ்வளவுதான். இந்த கேபிளை லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் இடையில் செருகினால் உங்கள் லேப்டாப் இப்போது 120 ஓம் ஆம்ப் போல நடந்துகொள்ளும். சத்தம் குறையும் என்பதால் வால்யூமை ஏற்றிச் சமப்படுத்திக்கொண்டு ஒப்பிடவும். இது முக்கியம். எது சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது ஏமாற்றும்.

டியூப்பின் இரண்டாவது குணம் டிஸ்டார்ஷன். சிக்னலை அது லேசாக வளைக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அதோடு 2,000 ஹெர்ட்ஸையும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறது. இரண்டாவது ஹார்மோனிக் என்று பெயர். அது மூல ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் காதை உறுத்துவதில்லை. நல்ல ஐசி ஆம்ப்களில் டிஸ்டார்ஷன் 0.001 சதவீதத்துக்கும் கீழே. டியூப் ஆம்ப்களில் 0.1 சதவீதம், சிலவற்றில் 1 சதவீதம் கூடச் சகஜம். அளந்து பார்த்தால் டியூப் தோற்றுப்போகும். "தெளிவு கூடும்" என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். கூடுவது நிறம்.

இந்த நிறத்தையும் கம்ப்யூட்டரிலேயே பூசிப் பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறக்கவும். முதலில் ஜெனரேட் மெனுவில் டோன் தேர்வு செய்து 1,000 ஹெர்ட்ஸ் கொடுக்கவும். பிறகு எஃபெக்ட் மெனுவில் டிஸ்டார்ஷன் சென்று, அதன் வகைப் பட்டியலில் ஈவன் ஹார்மோனிக்ஸ் தேர்வு செய்யவும். அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் க்ளிக் செய்தால் 1,000-க்குப் பக்கத்தில் 2,000-இலும் ஒரு முள் எழுந்து நிற்பதைக் காணலாம். இனி இதே எஃபெக்ட்டை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டுக்குக் கொடுங்கள். முதலில் அளவை நிறையக் கூட்டிக் கேட்டு, பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் வித்தியாசம் தெரியாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குக் கீழே இருக்கும் டியூப் ஆம்ப்புக்கு நீங்கள் கொடுப்பது வெளிச்சத்துக்கான காசு.

இது உண்மையில் ஒருவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்று சொல்கிறேன். நான் இருப்பது காஞ்சிபுரத்தை அடுத்த கூரம். கூரத்தாழ்வார் பிறந்த ஊர், பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர். இப்போது வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்களும் இருக்கும் ஊர். எனக்குத் தம்பி முறை ஆகும் ஒருவர் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறார். புட்டா, பார்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி ஜக்கார்டு அட்டைக்கு அனுப்பும் வேலை. ராத்திரி முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகலிலோ பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், அதனால் காதை மூடும் ரகம், 32 ஓம். முகூர்த்த சீசனில் சேர்த்து வைத்த 12,000 ரூபாய்க்கு ஒரு ஓடிஎல் ஆம்ப் வாங்குவது என்று முடிவே செய்துவிட்டார். பணம் கட்டுவதற்கு முதல் நாள் அந்த ரெசிஸ்டர் கேபிளை அவர் கையில் கொடுத்தேன்.

அரை மணி நேரம் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்டார். நாதஸ்வரக் கச்சேரியில் தவில் வீங்கிவிட்டது, பழைய சினிமாப் பாட்டில் குரல் மூடிக்கொண்டது. ஆடாசிட்டியில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தபோது வீணைப் பதிவில் மட்டும் கொஞ்சம் கீழே வரை கண்டுபிடித்தார்; மற்றதில் முடியவில்லை.

"ஏண்ணா, அப்ப அந்த வெளிச்சத்துக்குத்தான் பன்னெண்டாயிரமா?" என்றார்.

"வெளிச்சத்துக்கும் காசு கொடுக்கலாம்ப்பா, தப்பில்ல. தெரிஞ்சு குடு" என்றேன்.

அவர் யுஎஸ்பி டாக் ஒன்று வாங்கினார், நைந்துபோன இயர்பேடை மாற்றினார். இயர்பேடை மாற்றியதில் வந்த வித்தியாசம் எந்த டியூப்பிலும் வந்திருக்காது. மிச்சப் பணம் அவர் மனைவியின் தையல் மெஷினுக்கு மோட்டார் ஆனது.

டியூப் நிஜமாக வேலை செய்கிறதா?

ஐயாயிரத்துக்குக் கீழே உள்ள பெட்டிகளில் சிலவற்றில் டியூப் வெறும் பொம்மை. அடியில் ஒரு ஆரஞ்சு எல்இடி வைத்து ஒளியூட்டி, சிக்னலை ஐசி வழியாகவே அனுப்பிவிடுவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பாட்டை ஓடவிட்டபடி ஆம்ப்பை ஆன் செய்யவும். டியூப்பின் உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடானால்தான் எலெக்ட்ரான்கள் கிளம்பும். அதற்குப் பத்து முதல் முப்பது விநாடி ஆகும். எனவே அமைதியிலிருந்து பாட்டு மெல்ல மெல்ல எழுந்து வர வேண்டும். வீட்டில் வால்வு ரேடியோ இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். செய்தி ஆரம்பிக்கும் முன்பே ஸ்விட்சைப் போட்டுவிடுவார்கள். ஆன் செய்த மறு விநாடியே பாட்டு வந்தால் அந்த டியூப்புக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. வெளிச்சத்தையும் கவனியுங்கள். ஹீட்டர் வெளிச்சம் நடுவில் மங்கலாக, சின்னதாக, நேரம் எடுத்து வரும். எல்இடி வெளிச்சம் அடியிலிருந்து கண்ணாடி முழுவதும் சட்டென்று பரவும். நிஜ டியூப்புக்கு அடியிலும் அழகுக்கு எல்இடி வைப்பதுண்டு, அதனால் ஒலியின் தாமதத்தையே நம்புங்கள்.

இன்னொன்று. 12ஏயூ7 போன்ற டியூப்கள் 100, 200 வோல்ட்டில் வேலை செய்யப் பிறந்தவை. பிராவோ வி2 போன்றவற்றில் அதற்குக் கிடைப்பது 24 வோல்ட் அடாப்டர்தான். அரை வயிற்றுக் கஞ்சியில் வேலை செய்கிறது. பாட்டு வரும், டிஸ்டார்ஷன் கூடுதலாக இருக்கும். அது பிடித்திருந்தால் தவறில்லை. தவிர, வெளியே 24 வோல்ட்தான் என்பதால் கைக்கு ஆபத்து இல்லை, முதல் முறை வாங்குபவருக்கு இது பெரிய நிம்மதி. எம்டி-602-ம் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதுதான்.

நம் ஊர் கரண்ட்

வெளிநாட்டு விமர்சனங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் பக்கம் கோடைக்காலத்தில் இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது மின்சாரம் 190 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஓடிஎல் ஆம்ப்பில் இருப்பது சாதாரண டிரான்ஸ்ஃபார்மர். அதில் 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு அப்போது 5.2 வோல்ட்தான் போகும். டியூப்கள் பொதுவாகத் தாங்குவது 10 சதவீத ஏற்ற இறக்கம். இது 17 சதவீதம். ஒலி சோர்ந்துபோகும், தொடர்ந்து இப்படியே ஓட்டினால் டியூப்பின் ஆயுளும் குறையும். ஸ்டெபிலைசர் இருந்தால்தான் ஓடிஎல் பக்கம் போகவும். அடாப்டரில் ஓடும் ஹைப்ரிட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்ட அடாப்டர் எதையும் சமாளித்துவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளிலும் ஓடிஎல் டிரான்ஸ்ஃபார்மர் "ங்ங்ங்" என்று முனகும்.

அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதே வோல்டேஜ், அதே ஆம்பியர், அதே பின் துருவம் உள்ள நல்ல அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள் 110 வோல்ட் மாடலா என்று இரண்டு முறை பார்க்கவும். செருகிய நொடியில் புகை வரும்! சீனாவிலிருந்து நேரடியாக வரவழைக்கும் வழியும் முன்பு போல் சுலபமில்லை. 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் ஆப் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வெளிநாட்டுக் கடைகளின் விலையோடு சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாம் சேரும் என்பதால், சென்னையின் ஹெட்போன் ஸோன் போன்ற உள்ளூர் விற்பனையாளரிடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வாரண்டியோடு வாங்குவதே நல்லது.

ஆம்ப்பில் "ஹம்" வந்தால் உடனே டியூப்பைக் குறை சொல்ல வேண்டாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் பிரச்னை.

டியூப் மாற்றும் ஆசை

டியூப்பை மாற்றி மாற்றிக் கேட்பது ஒரு தனிப் பைத்தியம். ஆம்ப்பைவிட டியூப்புக்கு அதிகம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் ரஷ்யாவிலிருந்து டியூப் ஏற்றுமதி நின்றுவிடும் என்ற செய்தி வந்தபோது உலகம் முழுவதும் விலை தாறுமாறாக ஏறியது. நம் பட்ஜெட்டில் 6ஜே1 டியூப் பயன்படுத்தும் மாடல்கள் நல்லவை. இஎஃப்95, 6ஏகே5, 5654 எல்லாம் அதன் உடன்பிறப்புகள், விலையும் குறைவு.

ஆனால் பின் பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகக் கூடாது. 12ஏயூ7-க்கும் 6டிஜே8-க்கும் அதே ஒன்பது பின். முதலாவதன் ஹீட்டர் 4, 5 பின்களில் 12.6 வோல்ட் வாங்கும். இரண்டாவது அதே பின்களில் 6.3 வோல்ட்தான் தாங்கும். மாற்றிச் செருகினால் அதன் கதை முடிந்தது. பழைய கடையில் கிடைத்தது என்று ரேடியோவின் இஎல்84-ஐ எடுத்து வந்து ஹைப்ரிட்டில் செருகிப் பார்ப்பதும் வேண்டாம். அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கரை ஓட்டுவதற்கான டியூப்.

சரி, எதை வாங்கலாம்?

ஹெட்போன் 80 ஓமுக்குக் கீழே என்றால் ஹைப்ரிட் மட்டுமே. பத்தாயிரத்துக்குள் எம்டி-602 போன்ற ஒன்றைத் தேடுங்கள். கொஞ்சம் மேலே போக முடிந்தால் வாலி வரிசை. 250, 300 ஓம் ஹெட்போன் கையில் இருந்து, ரெசிஸ்டர் சோதனையும் பிடித்திருந்து, வீட்டில் மின்சாரமும் சீராக இருந்தால் ஓடிஎல் உங்களுக்குத்தான், தயங்காமல் வாங்கலாம். அந்தக் கூட்டணியில் வயலினும் பெண் குரலும் கேட்பதற்கு உண்மையிலேயே சுகம். 80-க்கும் 250-க்கும் நடுவில் இருப்பவர்கள் ரெசிஸ்டர் கேபிள் சொல்வதைக் கேட்கவும். ஹெட்போனே இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் மொத்தப் பணத்தையும் ஹெட்போனில் போடுங்கள். ஆம்ப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு மூன்று பழக்கங்கள். ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து ஹெட்போனைச் செருகவும், ஆஃப் செய்யும் முன் கழற்றிவிடவும். பல மாடல்களில் ஆன், ஆஃப் நேரத்தில் வரும் "தொப்" என்ற அடி ஹெட்போனுக்கும் காதுக்கும் ஆகாது. ஓடிஎல் ஆம்ப்பின் அடிமூடியைத் திறக்கவே வேண்டாம். கரண்டை எடுத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் கண்ணாடிக் குழாய் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், சுட்டுவிடும்.

வால்யூம் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். லேப்டாப் ஜாக்கில் இருந்த இயற்கையான எல்லை ஆம்ப் வந்ததும் போய்விடும். இரண்டாவது ஹார்மோனிக் காதை உறுத்தாது என்பதால் சத்தம் ஏறியிருப்பதும் சட்டென்று தெரியாது. ஆம்ப்பில் கெயின் ஸ்விட்ச் இருந்தால் லோவில் வைக்கவும். பாட்டு ஓடும்போது பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் ஏதோ சொல்கிறார் என்றாவது தெரியும் அளவுக்கு வால்யூமை இறக்கி, அந்தக் குமிழின் இடத்தில் ஒரு வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள்.